வண்டிக்கு நெற்றி எது?

அந்த மோட்டார் சைக்கிளை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்கள். புதுச்சேரியில் ரோடு வேலை பார்த்த வெள்ளைக்கார இஞ்சினீயர் ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது கட்டில், பீரோ, கிளிக்கூண்டு வரைக்கும் கப்பலில் ஏற்றிக்கொண்டு, இதை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முதல் உலகச் சண்டையில் எவனோ பட்டாளத்துக்காரன் ஓட்டிய வண்டி. அந்தச் சண்டையின்போது பிறந்த பிள்ளைகள் வளர்ந்து கல்யாணத்துக்கு நின்ற காலத்தில் அது பாகூருக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு அம்மை குத்தும் வேலை. பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம். பாகூரைச் சுற்றி மணப்பட்டு வரைக்கும் உள்ள ஊர்களில் பிள்ளைகளின் கையைக் கீறி அம்மைப்பால் வைத்துவிட்டு வர வேண்டும். மிதிவண்டியில் போய்க்கொண்டிருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. சத்தமில்லாமல் ஊருக்குள் நுழைவேன், பிள்ளைகளைப் பிடிப்பேன், வேலை முடியும். மோட்டார் வண்டி வந்த பிறகு, தூரத்தில் அதன் சத்தம் கேட்டதுமே ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் கரும்புத் தோட்டத்துக்குள் புகுந்துகொள்ளும். தாய்மார்கள் வாசலில் நின்று, "புள்ளைங்க யாரும் வூட்ல இல்லீங்களே" என்று சிரிக்காமல் சொல்வார்கள். வந்த வேலை நடக்காமல் திரும்புவேன். திரும்பும்போது வண்டி கிளம்பாது. உடனே அதே பிள்ளைகள் கரும்புக்குள்ளிருந்து வெளியே வந்து என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். பிடித்துக் குத்திவிடலாமே என்றால் என் கை முழுக்க எண்ணெயும் கரியும்.

கிளம்பாது என்றால் எப்படிக் கிளம்பாது என்று சொல்ல வேண்டும். ஒரேயடியாகச் செத்துத் தொலைத்திருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். காலையில் வீட்டு வாசலில் ஒரே உதையில் கிளம்பும். ஒரு மைல், ஒன்றரை மைல் ராஜநடையாக ஓடும். பிறகு இருமும், விக்கும், நின்றுவிடும். அதற்கப்புறம் கால் வீங்குகிற வரைக்கும் உதைத்தாலும் மூச்சு வராது. நான் எதையாவது கழற்றித் துடைத்து மாட்டுவேன், டாங்கியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பேன், மறுபடி உதைப்பேன். ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். எதைத் துடைத்தேனோ அதுதான் கோளாறு என்று முடிவுகட்டிக்கொள்வேன். அடுத்த தடவை நின்றதும் முதல் வேலையாக அதையே துடைப்பேன். அசையாது.

இதில் ஊரார் சொன்ன யோசனைகள் வேறு. கடலூர் பஸ் ஓட்டுகிறவர் பிளக்குதான் கோளாறு என்றார். சைகோனில் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிவந்த ஒருவர், தீப்பொறி தருகிற மேக்னெட்டு செத்துவிட்டது என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். கொல்லர் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இதுக்கு வயித்துல வாயுங்க" என்றார். கோயில் குருக்கள் வண்டியைப் பார்க்காமலே எனக்குச் சனி திசை என்று சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால் ஒவ்வொருவர் சொன்னதும் ஒரு தடவை பலித்தது. பிளக்கைத் துடைத்தபோது ஒரு நாள் ஓடியது. மேக்னெட்டைத் துடைத்தபோது ஒரு நாள் ஓடியது. நவக்கிரகம் சுற்றிவிட்டு வந்தபோதும் ஒரு நாள் ஓடியது. அதனால் அத்தனை பேரும் கடைசிவரைக்கும் தாங்கள் சொன்னதே சரி என்று என்னோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

புதுச்சேரியில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவரிடமும் கொண்டுபோனேன். அவர் எல்லாவற்றையும் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தார். ரெண்டு நாள் வண்டி தங்கமாக ஓடியது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பாகூர் ஏரிக்கரையில் படுத்துவிட்டது. மறுபடி கொண்டுபோனால் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இங்க நல்லாத்தான் ஓடுது. உங்க ஊரு காத்து ஒத்துக்கலபோல" என்றார். அவரை நான் அடிக்காமல் வந்தது என் பொறுமைக்கு அத்தாட்சி. எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.

என் மனைவிக்கும் அந்த வண்டிக்கும் உள்ள உறவே வேறு. அவளுக்கு அதைக் கண்டால் பயம். வாங்கிவந்த புதிதில் நான் ஏரிக்கரைச் சரிவில் சறுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் கிளம்புவதற்கு முன்னால் வண்டிக்குப் பொட்டு வைத்துவிடுவாள். சந்தனத்தைக் கெட்டியாக உரசி, வட்டமாக அப்பி, அதன் நடுவில் குங்குமம். வைக்காமல் வண்டியை வாசலைத் தாண்ட விடமாட்டாள். எங்கே வைப்பது என்பதில்தான் முதல் நாள் எங்களுக்குள் தகராறு. முன்னால் விளக்கின் மேல் வை, அதுதான் பார்க்க முகம்போல் இருக்கிறது என்றேன்.

"லைட்டு கண்ணுங்க. கண்ணு மேல யாராவது பொட்டு வெப்பாங்களா?" என்றாள்.

"சரி, மட்கார்டு மேல வை."

"அது மூக்கு."

வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பெட்ரோல் டாங்கியின் மேலே மூடி இருக்கிறதே, வட்டமாக, பளபளவென்று, அதைக் கண்டுபிடித்தாள். "இதான் நெத்தி" என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் அங்கேதான். நேற்று வைத்ததைத் துடைக்கவும் மாட்டாள். பொட்டை அழிப்பது என்ற பேச்சே அவளிடம் கூடாது. பழசின் மேலேயே புதுசு. நானும் அதைத் தொட்டதில்லை. மூடியைத் திறக்கும்போது ஓரத்தைப் பிடித்துத்தான் திருகுவேன். கொஞ்ச நாளில் அந்தப் பொட்டு ஒரு சின்ன வடை கனத்துக்கு ஏறிவிடும்.

இவளுக்கு ஒரு தம்பி. அவன் பிறந்து கொஞ்ச நாளில் தாய் தவறிவிட்டதால் இவள்தான் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவனையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டுச் சோறு தின்று வளர்ந்து, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறி, எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான்: சைகோனுக்குப் போக எழுதிப்போட்டான். சுங்க இலாகாவில் வேலை கிடைத்துவிட்டது. கப்பலுக்கு முந்தைய காரியங்களுக்காக அவன் முன்னாடியே புதுச்சேரிக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தான். கப்பல் வர இன்னும் நாலைந்து நாள் ஆகும், அதற்குள் நாங்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய் அவனைக் கப்பலேற்றிவிட்டு வருவது என்று ஏற்பாடு.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கடல் தாண்டிப் போகிறவனுக்கு வீட்டுப் பெண் தன் கையால் நெற்றியில் பொட்டு வைத்து அனுப்ப வேண்டும். வாசலில் வைப்பதெல்லாம் செல்லாது. அவன் கப்பலுக்கான படகில் கால் வைப்பதற்கு முன்னால் வைக்க வேண்டும். வைத்த பிறகு அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அப்படிப் போனவன் அப்படியே திரும்பி வருவான் என்று நம்பிக்கை. தம்பி ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று இவள் பொட்டு வைக்கவே இல்லை. கடற்கரையில் வைத்துக்கொள்ளலாம் என்றுதானே இருந்தாள்.

புதுச்சேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் காலையில் வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"கப்பலு ராத்திரியே வந்துட்ச்சி. ஜனங்கள மத்தியானத்துக்குள்ள ஏத்திடுவாங்களாம். ஒங்க மச்சான் ஒங்களத்தான் பாத்துக்கினு கீறான்."

இவள் அடுப்பில் இருந்த பானையை அப்படியே இறக்கி வைத்தாள். மாட்டு வண்டி போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிடும். புதுச்சேரிக்குப் போகிற பஸ்ஸும் போயாயிற்று. இருவரும் ஒரே சமயத்தில் வாசலில் நின்ற அந்தச் சனியனைப் பார்த்தோம்.

"அதுலயா?" என்றேன் நான்.

"வேற எதுல?" என்றாள்.

பெண்பிள்ளை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவதை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. பயந்தவள் அவள், ஆனால் அன்று அவளுக்குப் பயம் இருந்ததாகவே தெரியவில்லை. கூறைப்புடவையை எடுத்துக் கட்டினாள். சந்தனமும் குங்குமமும் வாழையிலையில் பொட்டலம் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு வண்டிக்கு வந்தாள். தானும் ஏறிப் போகிற நாள், தம்பி கடல் தாண்டுகிற நாள் என்பதால் அன்றைக்குப் பொட்டு வழக்கத்தைவிடப் பெரியது. நல்ல ஈரமாக, மூடி நிறைய, கையால் அழுத்தி அழுத்தி வைத்தாள். நான், "போதும்டி, கல்யாணமா பண்ணப்போற அதுக்கு?" என்று கத்தினேன். நேரம் போய்க்கொண்டிருந்தது.

ஒரே உதையில் கிளம்பியது. கிளம்பத்தான் செய்யும். தெருவே வெளியில் வந்து நின்று எங்களைப் பார்த்தது. யாரோ ஒரு பெண், "அடியே, இறுக்கிப் புடிச்சிக்கோடி" என்று சிரித்தாள். இவள் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து என் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தாள். ஏரிக்கரைக்கு ஏறினோம். இருமியது. விக்கியது. நின்றது.

நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. இவள் இறங்கி நின்றுகொண்டு, "திட்டாதீங்க, நல்ல காரியத்துக்குப் போறோம்" என்றாள். நான் பிளக்கைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன், உதைத்தேன். இல்லை. மேக்னெட்டைத் துடைத்தேன், உதைத்தேன். இல்லை. டாங்கியைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. மூடினேன், உதைத்தேன். கிளம்பியது. மேக்னெட்டுதான், பென்ஷன்காரர் சொன்னதுதான் சரி என்று அந்தக் கணத்தில் முடிவு செய்தேன்.

மேலும் ஒன்றரை மைல். நின்றது. மேக்னெட்டைத் துடைத்தேன். துடைத்தேன், துடைத்தேன், அது கண்ணாடிபோல ஆகும்வரை துடைத்தேன். அசையவில்லை. வெயில் ஏறிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் இங்கிலீஷ்காரன் எல்லை தெரிந்தது. பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு, பிரெஞ்சு ஊரிலிருந்து பிரெஞ்சு ஊருக்கு, நடுவில் ஒரு துண்டு இங்கிலீஷ் பூமியைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த எல்லைகளை வரைந்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால், அவனையும் இந்த வண்டியையும் ஒன்றாகக் கட்டி ஏரியில் தள்ளுவேன். சுங்கச்சாவடி வரைக்கும் வண்டியைத் தள்ளினோம். நான் முன்னால் இழுக்க, கூறைப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பின்னால் தள்ளினாள். மணலில் சக்கரம் புதைந்தது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாவடிச் சேவகர் ஒருவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். எங்கள் பக்கத்தில் சாராயம் மலிவு என்பதால் எவனாவது டாங்கியில் ஊற்றிக்கொண்டு வருவான் என்று அவருக்குச் சந்தேகம். எப்போது போனாலும் மூடியைத் திறந்து மூக்கை வைத்து முகர்ந்து பார்க்காமல் விடமாட்டார்.

"வண்டியே ஓடல. இதுல சாராயம் வேறயா?" என்றேன்.

"ரூல்ஸு சார். நான் இன்னா பண்றது?" என்று திறந்தார்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். சோடா பாட்டிலைத் திறக்கும்போது காற்று வெளியே வருமே, இது அதற்கு நேர்மாறு: காற்று உள்ளே போகிற சத்தம். நான் கவனித்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. அவர் முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார், மூடினார். உதைத்தேன். கிளம்பியது. "நம்ம கை ராசி சார்" என்று அவர் சிரித்தார். எல்லோரும் மருத்துவர்கள்தான் எனக்கு.

இங்கிலீஷ் பூமியின் நடுவில், ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் மறுபடி நின்றது. அதற்குள் வெயில் உச்சிக்கு ஏற ஆரம்பித்துவிட்டது. நான் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு எதையும் தொடாமல் நின்றேன். துடைக்க இனி என்ன இருக்கிறது? மனைவி மெல்லச் சொன்னாள்.

"இன்னாங்க, மணி இன்னா ஆயிருக்கும்?"

"ஆயிருக்கும். எல்லாம் ஆயிருக்கும்" என்று எரிந்து விழுந்தேன். அவள் புதுச்சேரிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்தில் பனைமரங்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வாய் லேசாக அசைந்தது. வேண்டிக்கொள்கிறாள் என்று தெரிந்தது. அதற்கும் சேர்த்து வண்டிமேல்தான் கோபம் வந்தது. வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல் டாங்கி மூடியைத் திருகினேன்.

உஸ்.

அப்படியே நின்றேன். மூடினேன். திறந்தேன். இப்போது சத்தம் இல்லை. ஏரிக்கரையில் திறந்தேன், கிளம்பியது. சாவடியில் அவர் திறந்தார், கிளம்பியது. புதுச்சேரியில் ரிப்பேர்க்காரர் மூடியை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தார், ரெண்டு நாள் ஓடியது. டாங்கியிலிருந்து பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமானால் மேலேயிருந்து காற்று உள்ளே போக வேண்டும். காற்று போக மூடியில் எங்காவது ஒரு துளை இருக்க வேண்டும். மூடியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன். நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. வெளிப்பக்கம் திருப்பினேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் என் வீட்டு லட்சுமி வைத்த பொட்டு, பல நாள் சந்தனத்தின் மேல் இன்றைய சந்தனம், சிமெண்டு பூசியதுபோல் உட்கார்ந்திருந்தது.

இத்தனை நாள் உதை, இத்தனை நாள் வெயில், ஊரெல்லாம் சிரித்த சிரிப்பு எல்லாம் சேர்ந்து வந்தது.

"உன் பொட்டுதான்டி! உன் பொட்டுதான் இத்தன நாளா என் உசுர வாங்குது! மூச்சுத் தொளையில அப்பி வெச்சிருக்கடி!" என்று கத்தினேன். கத்திவிட்டு, சுரண்டக் கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்தேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதீங்க."

"இன்னாது?"

"இன்னிக்கி அழிக்கக் கூடாதுங்க. கடலு மேல போற புள்ள. அவனுக்குன்னு வேண்டிக்கினு வெச்சது இது."

"அவன் பொட்டு வேற, வண்டி பொட்டு வேறடி!"

"வெக்கிறப்போ நெனப்பு ஒண்ணுதானே?"

"முழுசா அழிக்க வேணாம். நடுவுல ஒரு முள்ளு குத்துறேன், அவ்ளோதான்."

"பொட்டு நடுவுல முள்ளு குத்துவீங்களா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நான் ஏதோ அவள் தம்பியின் நெற்றியிலேயே குத்தப் போவதுபோல் இருந்தது அந்த முகம். "நான்தான் கெடுத்தேன்னு சொல்றீங்க, சரி. நான் நடந்தே வேணா வரேன். அத மட்டும் அழிக்காதீங்க."

நடந்தே வருகிறாளாம், புதுச்சேரிக்கு, மத்தியானத்துக்குள்! கோளாறு தெரிந்துவிட்டது, பரிகாரம் கையில் குச்சியாக இருக்கிறது, ஆனால் செய்ய விடமாட்டாள். அவளைத் தள்ளிவிட்டுச் சுரண்டியிருக்கலாம். ஒரு நொடி வேலை. சுரண்டினால் இவளைத் தம்பியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஆனால் அழுதுகொண்டுதான் வந்து சேருவாள். அவன் பத்திரமாகத் திரும்பி வரும் நாள் வரைக்கும் எந்தத் தலைவலி, எந்தக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலும் அந்தச் சுரண்டலைத்தான் நினைப்பாள். நாசமாய்ப் போகட்டும் என்று குச்சியைத் தூர எறிந்தேன்.

தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். கிழித்து, சுருட்டி, டாங்கி வாயில் தளர்வாகச் செருகினேன். துணிக்குள்ளே காற்று போகும். மூடியை அவள் கையில் கொடுத்தேன். "இந்தா, உன் நெத்திய நீயே வெச்சிக்கோ. கீழ போட்ட, அவ்ளோதான்" என்றேன். அவள் அதை வாங்கி, பொட்டு மேலாக இருக்கும்படி, இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். என்னைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. "எப்பிடிடி உக்காருவ?" என்றதற்கு, "உக்காருவேன், நீங்க ஓட்டுங்க" என்றாள். உலகத்தில் எந்தப் புத்தியுள்ளவனும் திறந்த டாங்கியில் துணியைச் செருகி எஞ்சினுக்கு மேல் உட்கார்ந்து போகமாட்டான். உதைத்தேன். ஓடியது.

நிற்கவே இல்லை. எல்லை தாண்டி, தவளக்குப்பம் தாண்டி, அரியாங்குப்பம் பாலம் தாண்டி ஒரே ஓட்டம். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் துண்டிலிருந்து பெட்ரோல் தெறித்து என் வேட்டி நனைந்தது, காற்றில் பின்னால் அடித்துக் கூறைப்புடவையிலும் விழுந்தது. கண் எரிந்தது. வழியில் ஒரு பீடிக்காரரைக் கண்டால்கூட வண்டியை ரோட்டின் மறு ஓரத்துக்கு ஒடித்தேன். அவள் தோளை என் முதுகில் சாய்த்து, விழாமல், மூடியை மட்டும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

கடலுக்குள் நீண்டிருந்த கடற்கரைப் பாலத்தில் ஒரே ஜனம். பெரிய கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நின்றது. பாலத்தின் கோடியிலிருந்து ஆட்களைச் சலங்குப் படகில் இறக்கி, அலைமேல் தள்ளிக்கொண்டுபோய் ஏற்றுவார்கள். ஒரு சலங்கு போய்க்கொண்டிருந்தது. இன்னொன்றில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இவள் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். கோட்டும் தொப்பியுமாக, அடையாளமே தெரியாமல், ஏணிப்படி ஓரத்தில் வரிசையில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான் அவன்.

"டேய்! எறங்காதடா!" என்று இவள் போட்ட கூச்சலில் பாலமே திரும்பிப் பார்த்தது.

அவன் ஓடி வந்தான். "இன்னாக்கா இது, இவ்ளோ நேரம்?" என்று தூரத்திலிருந்தே கேட்டான். அதற்குள் கிட்டே வந்துவிட்டவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னா நாத்தம் இது? மாமா, எண்ணக்கடையில உழுந்து வந்தீங்களா?" என்றான். ஏணிப்படியில் நின்ற ஆள் பிரெஞ்சில் அதட்டினான், சீக்கிரம் வரச் சொல்லி.

இவள் இடுப்பில் கை வைத்தாள். பொட்டலம் இல்லை. முந்தானையை உதறினாள், கொசுவத்தைத் தடவினாள், சுற்றிலும் கீழே பார்த்தாள். வண்டியைத் தள்ளிய மணலிலோ புளியமரத்தடியிலோ எங்கோ விழுந்திருக்கிறது. நான் குங்குமத்துக்கு எங்கே ஓடுவது என்று திரும்பிப் பார்த்தேன். கடற்கரையில் துரைமார் மாளிகைகள்தான் இருந்தன. ஏணிப்படிக்காரன் மறுபடி அதட்டினான்.

அவள் கையில் இருந்த மூடியைப் பார்த்தாள். பிறகு என்னை ஒருமுறை பார்த்தாள். வெயிலிலும் காற்றிலும் சந்தனம் காய்ந்து இறுகிப் போயிருந்தது. பெட்ரோல் தெறித்து நனைந்திருந்த முந்தானையில் விரலை ஒற்றி, அந்தப் பொட்டைக் குழைத்தாள். குழைத்துக் குழைத்து, சந்தனமும் குங்குமமுமாக வழித்து எடுத்து, அவன் தொப்பியைக் கழற்றி, நெற்றியில் பெரிதாக வைத்தாள். "எரியுதுக்கா" என்றான். "எரியட்டும். அழிச்சிடாத" என்றாள். கன்னத்தை ஒருமுறை தடவினாள். "திரும்பிப் பாக்காம போ."

அவன் போனான். சொன்னபடியே திரும்பிப் பார்க்கவில்லை. சலங்கு அலைமேல் ஏறி இறங்கிப் போகும்போது, எல்லாரும் கரையைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவன் ஒருத்தன் மட்டும் கப்பலைப் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்த சண்டை வந்து, கடல்வழி அடைபட்டு, அந்த முகத்தை அவள் மறுபடி பார்க்க எத்தனையோ வருஷம் ஆயிற்று. அன்று எங்களுக்கு அது தெரியாது.

வண்டிக்கு வந்தோம். மூடியை என்னிடம் நீட்டினாள். நடுவில் துளை சுத்தமாகத் தெரிந்தது. துண்டை எடுத்துவிட்டு மூடியைத் திருகினேன். ஒரே உதை.

அரியாங்குப்பம் பாலத்தில் என் முதுகு நனைவதை உணர்ந்தேன். முதலில் பெட்ரோல் என்று நினைத்தேன். இல்லை. வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. நானாக நிறுத்தியிருந்தால், "ஏன் நிறுத்தினீங்க?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள். வண்டி அதுவாக நின்றால்தான் உண்டு. இறங்கி, ஒரு மரத்தடியில், எதையோ துடைக்கிறவன்போல் நான் குனிந்துகொண்டிருக்க, அவள் பாட்டுக்கு அழுது முடித்திருப்பாள். புளியமரம் வந்தது. இப்போது நில் என்று மனதுக்குள் கெஞ்சினேன். சாவடி வந்தது, கை ராசிக்காரர் சாப்பிடப் போயிருந்தார், வேறு ஒருவர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். ஏரிக்கரை வந்தது. இத்தனை நாளும் வேண்டாத இடத்திலெல்லாம் படுத்து என் மானத்தை வாங்கிய சனியன், அன்று வீடு வரைக்கும் ஒரு இடத்தில்கூட நிற்காமல் ஓடியது.